எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்பு பொருத்துவது எப்படி: பிரிட்டனில் வீடு வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக்குவது எரிவாயுதான். சமையலறை அலமாரிக்குள்ளோ மாடிப்படிக்கு அடியிலோ இருக்கும் பாய்லர், நீரை 65 முதல் 75 டிகிரி வரை காய்ச்சி, ஒவ்வோர் அறையிலும் சுவரோரமாக நிற்கும் ரேடியேட்டருக்குக் குழாய் வழியாக அனுப்புகிறது. இந்த பாய்லரை எடுத்துவிட்டு மின்சாரத்தில் இயங்கும் ஹீட் பம்பைப் பொருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் இயந்திரம் நல்லது என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் வீடு எத்தனை டிகிரி நீரில் சூடாகும் என்பதே முதலில் அறிய வேண்டியது. எந்த ரேடியேட்டரை மாற்றுவது, குழாய் போதுமா, மாதக் கட்டணம் கூடுமா குறையுமா என்பவை எல்லாம் அந்த ஓர் எண்ணைப் பொறுத்தவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொந்த வீடும் அதில் எரிவாயு பாய்லரும் உள்ளவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்தில் மானியத் திட்டம் வேறு. மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

நீரின் வெப்பத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்

ஹீட் பம்பு புதுமையான பொருள் அன்று. வீட்டுச் சுவரில் தொங்கும் ஏசி, உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதே வேலையைத் திசை மாற்றிச் செய்தால் அது ஹீட் பம்பு. வெளிக்காற்று பூச்சியம் டிகிரியில் இருந்தாலும் அதில் வெப்பம் உண்டு. அதைவிடக் குளிர்ந்த ஒரு திரவம் அந்த வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. கம்பிரசர் அந்த ஆவியை அழுத்தி மேலும் சூடாக்குகிறது. அந்தச் சூடு ரேடியேட்டர் நீருக்கு மாற்றப்படுகிறது. மின்சாரம் செலவாவது வெப்பத்தை உண்டாக்க அன்று, இடம் மாற்றவே. அதனால்தான் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவில் வெப்பம் கிடைக்கிறது. இந்த எண்ணைத்தான் இனி விளைவு என்று சொல்கிறேன்.

ஆனால் அந்த மூன்று நிலையான எண் அன்று. வெளிக்காற்றுக்கும் ரேடியேட்டர் நீருக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாடு கூடக்கூட, கிணறு ஆழமாக ஆக நீர் இறைப்பது கடினமாவதுபோல, கம்பிரசரின் உழைப்பும் கூடுகிறது. நீரை 35 டிகிரிக்கு மட்டும் சூடாக்கினால் போதும் என்ற வீட்டில் அது நான்கை எட்டலாம்; 55 டிகிரி வேண்டும் என்ற வீட்டில் இரண்டரைக்கு இறங்கலாம். பிரிட்டிஷ் அரசு 742 வீடுகளில் ஹீட் பம்பு பொருத்தி அளந்து பார்த்த சோதனைத் திட்டத்தில், காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் இயந்திரங்களின் நடுத்தர விளைவு சுமார் 2.8 ஆக இருந்தது. நன்றாக வடிவமைத்தால் இதைத் தாண்ட முடியும். ஏனோதானோவென்று பொருத்தினால் இதற்குக் கீழேயும் போகும்.

இதைப் பணத்தில் சொல்லிப் பார்ப்போம். ஒரு வீட்டில் ஆண்டுக்கு 11,500 யூனிட் (கிலோவாட் மணி) எரிவாயு செலவாகிறது. எரிவாயு யூனிட் 6 பென்ஸ், மின்சாரம் யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். எரிவாயுக்கு 690 பவுண்டும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் நாளொன்றுக்குச் சுமார் 30 பென்ஸ் வீதம் வரும் நிலைக்கட்டணமாக 110 பவுண்டும் சேர்த்து ஏறத்தாழ 800 பவுண்டு ஆகிறது. அந்த எரிவாயுவிலிருந்து வீட்டுக்குள் உண்மையில் சேரும் வெப்பம் சுமார் 10,000 யூனிட். மீதி புகைபோக்கி வழியாகப் போகிறது. அதே 10,000 யூனிட் வெப்பத்துக்கு, விளைவு 2.8 ஆக உள்ள ஹீட் பம்புக்கு 890 பவுண்டு, 3.5 ஆக உள்ளதற்கு 715 பவுண்டு, 4 ஆக உள்ளதற்கு 625 பவுண்டு மின்கட்டணம் வரும். இயந்திரம் ஒன்றே, மாறுவது நீரின் வெப்பம். ஹீட் பம்பு வைத்தால் கட்டணம் ஏறிவிட்டது என்று ஒருவரும், இறங்கிவிட்டது என்று மற்றொருவரும் சொல்வதில் இருவருமே பொய் சொல்லவில்லை. இரவிலும் பிற்பகலிலும் குறைந்த விலைக்கு மின்சாரம் தரும் கட்டணத் திட்டத்துக்கு மாறினால் கணக்கு மேலும் சாதகமாகும்.

வாங்குவதற்கு முன் பழைய பாய்லரில் ஒரு சோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்து பார்க்க முடியும் என்றால் இதைச் செய்யுங்கள், காசு செலவில்லை. வெளியே பூச்சியம் முதல் மூன்று டிகிரிக்குள் இருக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். பாய்லரின் முகப்பில் ரேடியேட்டர் படம் போட்ட குமிழோ பொத்தானோ இருக்கும். குழாய் படம் போட்டது வெந்நீருக்கானது, அதைத் தொட வேண்டாம். ரேடியேட்டர் நீரின் வெப்பத்தை 50 டிகிரிக்கு இறக்கி, தெர்மோஸ்டாட்டில் உங்களுக்கு வேண்டிய அறை வெப்பத்தை வைத்து, இரவும் பகலும் நிறுத்தாமல் ஓட விடுங்கள். இரண்டு நாள் கழித்து ஒவ்வோர் அறையிலும் காலையிலும் மாலையிலும் என்ன வெப்பம் இருக்கிறது என்று மலிவான ஒரு வெப்பமானியால் அளந்து எழுதி வையுங்கள்.

வீடு முழுவதும் 20 டிகிரியை எட்டினால், உங்கள் வீடு ஹீட் பம்புக்கு ஏறக்குறைய தயாராகவே இருக்கிறது. இரண்டு அறைகள் மட்டும் 17 டிகிரியில் நின்றுவிட்டால், அந்த இரண்டு அறைகளின் ரேடியேட்டர்களை மட்டும் மாற்றினால் போதும் என்பது விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். வீடு முழுவதும் குளிர்ந்து கிடந்தால், முதல் வேலை காற்றுப்புகும் இடுக்குகளையும் கூரையையும் பார்ப்பது. சோதனையின்போது ரேடியேட்டரின் தனி வால்வுகளை முழுவதும் திறந்து வைக்க மறக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. வெந்நீர் சேமிப்புத் தொட்டி உள்ள வீடுகளில், பாய்லரின் ஒரே அமைப்புதான் தொட்டி நீரையும் சூடாக்கும். தொட்டி நீர் நெடுநாள் மந்தமான சூட்டில் நின்றால் லெஜியோனெல்லா கிருமி வளரும்; அதனால் சோதனை முடிந்ததும் அமைப்பைப் பழையபடி உயர்த்திவிட வேண்டும். தொட்டி இல்லாமல் குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் தரும் காம்பி பாய்லர்களில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே 50 முதல் 55 டிகிரியிலேயே நிரந்தரமாக விட்டுவிடலாம். அதனால் எரிவாயுவும் மிச்சமாகும். இன்றைய பாய்லர்கள் புகையில் உள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் மீட்க வல்லவை. திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 75 டிகிரியில் ஓட்டுபவர்கள் அந்த வசதிக்குக் காசு கொடுத்துவிட்டுப் பயன்படுத்தாமல் இருக்கிறார்கள்.

இந்தச் சோதனைக்குக் குளிர்காலம் தேவை, யோசிக்க அவகாசமும் தேவை. பாய்லர்கள் பெரும்பாலும் சனவரியில்தான் கைவிடும். வீட்டில் குழந்தைகள் நடுங்கும்போது யாரும் ஹீட் பம்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், அடுத்த நாளே பொருத்தக்கூடிய இன்னொரு பாய்லரைத்தான் வாங்குவார்கள். உங்கள் பாய்லருக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது என்றால் இந்த ஆண்டே அளந்து வைப்பது நல்லது.

எரிவாயுவுக்குப் பதிலாக அதே குழாயில் ஹைட்ரஜன் வரும் வரை காத்திருக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எல்லஸ்மியர் போர்ட் அருகே விட்பியில் நடத்தவிருந்த கிராம அளவிலான சோதனை 2023 சூலையிலும், ரெட்காரில் நடத்தவிருந்தது அதே ஆண்டு டிசம்பரிலும் கைவிடப்பட்டன. அதற்காகக் காத்திருக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மாற்றம் நடக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: 1967 முதல் 1977 வரையான பத்து ஆண்டுகளில், நிலக்கரியிலிருந்து எடுத்த நகர எரிவாயுவிலிருந்து வடகடல் இயற்கை எரிவாயுவுக்கு இந்த நாடு வீடு வீடாகச் சென்று மாறியது, அப்போது ஏறத்தாழ 4 கோடி அடுப்புகளும் கருவிகளும் மாற்றியமைக்கப்பட்டன.

கூரையும் சுவரும்

மேற்கூரைக்கு அடியில் 270 மில்லிமீட்டர் கனத்துக்கு வெப்பக் காப்புப் பஞ்சு விரிப்பது மலிவான, பயன் மிகுந்த வேலை. இரட்டைச் சுவர்களுக்கு இடையே வெற்றிடம் உள்ள வீடுகளில் அதை நிரப்புவது அடுத்தது. மழைச்சாரல் நேரடியாக அடிக்கும் சுவராக இருந்தால் நிரப்பும் முன் ஒருவரை வைத்துச் சோதிக்க வேண்டும், இல்லையேல் ஈரம் உள்ளே இறங்கும். 1919க்கு முன் கட்டிய வரிசை வீடுகள் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய இடைவெளி கிடையாது. அவற்றின் திடச் சுவருக்கு உள்ளேயோ வெளியேயோ காப்பு போடுவது பல்லாயிரம் பவுண்டு செலவாகும் வேலை. அதை முடித்துவிட்டுத்தான் ஹீட் பம்பு என்று ஒத்திப்போடத் தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு பெரிய ரேடியேட்டரின் விலையில் தீரும் குறையைச் சுவர் முழுவதும் உரித்துச் சரிசெய்ய வேண்டியதில்லை. கதவடி இடுக்கு, பயன்படுத்தாத நெருப்படுப்பின் புகைபோக்கி, தரைப்பலகை விரிசல் ஆகியவற்றை அடைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டாம்.

இயந்திரத்தின் அளவு

உங்களுடையது காம்பி பாய்லர் என்றால் அதன் மேல் 28 அல்லது 30 கிலோவாட் என்று எழுதியிருக்கும். அது வீட்டைச் சூடாக்கத் தேவையான அளவு அன்று. குளிக்கும்போது ஓடும் நீரை அந்தக் கணமே சூடாக்கத் தேவையான அளவு. நடுத்தர அளவுள்ள ஓர் இணைவீட்டுக்கு (செமி-டிடாச்டு), ஆண்டின் மிகக் குளிர்ந்த நாளில்கூட 5 முதல் 8 கிலோவாட் வெப்பம் போதுமானதாக இருக்கும். உங்கள் எரிவாயுக் கட்டணச் சீட்டில் உள்ள ஆண்டு யூனிட் அளவை 3,000 ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் அளவு தோராயமாகக் கிடைக்கும்: 15,000 யூனிட் என்றால் 5 கிலோவாட். பகலெல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கும் பாதி அறைகளைச் சூடாக்காமல் விடுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு குறைவாகக் காட்டும். ஆயினும் விலைப்புள்ளியில் 14 கிலோவாட் என்று யாராவது எழுதினால் ஏன் என்று கேட்க இது போதும்.

தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் வாங்குவதில் நன்மை இல்லை. மிதமான குளிரில் அது தன் வேகத்தைப் போதிய அளவு குறைக்க முடியாமல், சற்று நேரம் ஓடி நின்று, மீண்டும் ஓடி நிற்கும். மின்சாரமும் வீணாகும், கம்பிரசரும் தேயும். பொருத்துபவர் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகச் சுவர், ஜன்னல், தரை, கூரை ஆகியவற்றை அளந்து வெப்ப இழப்பைக் கணக்கிட்டுத் தர வேண்டும். வீட்டின் பரப்பை மட்டும் கேட்டுவிட்டு அளவைச் சொல்பவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

ரேடியேட்டரும் குழாயும்

ரேடியேட்டரின் மேல் எழுதப்பட்டிருக்கும் வாட் அளவு, நீரின் சராசரி வெப்பத்துக்கும் அறையின் வெப்பத்துக்கும் இடையே 50 டிகிரி வேறுபாடு இருக்கும்போது கிடைப்பது. 45 டிகிரியில் உள்ளே போய் 40 டிகிரியில் வெளியே வரும் நீரில், 20 டிகிரி அறையில், அந்த வேறுபாடு இருபத்திரண்டரை டிகிரிதான். அப்போது கிடைக்கும் வெப்பம் பாதிகூட அன்று, சுமார் 35 விழுக்காடு. 600 மில்லிமீட்டர் உயரமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட ஒற்றைப் பலகை ரேடியேட்டர் ஏறத்தாழ 1,000 வாட் என்று சொல்லப்படும். 45 டிகிரி நீரில் அது தருவது 350 வாட். அதே நீள உயரத்தில் இரட்டைப் பலகையும் இரட்டை மடிப்புத் தகடும் கொண்டது சுமார் 1,700 வாட்; அது 600 வாட் தரும். சுவரில் அதே இடம், குழாயும் அதே இடத்தில் இணையும், கனம் மட்டும் கூடும். பெரும்பாலான வீடுகளில் நடக்கும் மாற்றம் இதுதான். தரைக்கு அடியில் குழாய் பதிப்பது எல்லோருக்கும் தேவை என்பது தவறான எண்ணம். தரையைப் பெயர்த்துப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் அப்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம்.

குழாய் விஷயத்தில் கவனம் அதிகம் தேவை. பாய்லரிலிருந்து கிளம்பும் நீர் 20 டிகிரி வரை குளிர்ந்து திரும்பலாம். ஹீட் பம்பிலோ அந்த வேறுபாடு சுமார் 5 டிகிரிதான். அதே வெப்பத்தைக் கொண்டு செல்ல நான்கு மடங்கு நீர் ஓட வேண்டும். 6 கிலோவாட் வெப்பத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 17 லிட்டர். 22 மில்லிமீட்டர் முதன்மைக் குழாயில் இது ஓடும், 15 மில்லிமீட்டர் குழாயில் இரைச்சலும் தடையும் மிகும். 1970களிலும் 80களிலும் கட்டிய வீடுகள் பலவற்றில் ரேடியேட்டருக்குப் போகும் குழாய் 8 அல்லது 10 மில்லிமீட்டர் மட்டுமே. அது முடியவே முடியாத நிலை அன்று, ஆனால் ஒவ்வொரு குழாயையும் கணக்கிட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் ரேடியேட்டருக்கு வரும் குழாய் சுண்டுவிரலைவிட மெல்லியதாக இருந்தால், வீடு பார்க்க வருபவரிடம் அதை முதலில் காட்டுங்கள்.

வெந்நீர்

காம்பி பாய்லர் வந்தபோது பலர் தங்கள் வெந்நீர்த் தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் துணி அலமாரி ஆக்கிவிட்டார்கள். இப்போது தொட்டி திரும்ப வர வேண்டும். ஹீட் பம்பால் ஓடும் நீரை உடனடியாகச் சூடாக்க முடியாது. முன்கூட்டியே சூடாக்கிச் சேமித்து வைத்தாக வேண்டும். நான் பார்த்தவரையில் திட்டம் நின்றுபோகும் வீடுகளில் பெரும்பாலும் தடையாக இருப்பது இந்த இடப் பிரச்சினையே. இயந்திரமோ பணமோ இரண்டாவது.

200 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர 6 கிலோவாட் ஹீட் பம்புக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். எட்டு நிமிடக் குளியல் ஒன்றுக்கு அதில் சுமார் 60 லிட்டர் போகும். ஆக, அடுத்தடுத்து மூன்று பேர் குளிக்கலாம், நான்காமவர் காத்திருக்க வேண்டும். காலையில் ஐந்து பேர் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பும் வீட்டிலும், சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை விடாத வீட்டிலும், விருந்தாளிகள் வாரக்கணக்கில் தங்கும் வீட்டிலும் 250 அல்லது 300 லிட்டர் கேட்பதே நல்லது. நம்மவர் வீடுகளில் பொருத்துபவரின் வழக்கமான கணக்கு அடிக்கடி தவறுவது இங்கேதான். படுக்கையறை எண்ணிக்கையை வைத்து அவர் எழுதுவார், வீட்டில் இருப்போர் எண்ணிக்கையை நீங்கள் சொல்ல வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் வெப்பச் சுருள் ஹீட் பம்புக்கென்றே செய்த பெரிய சுருளாக இருக்க வேண்டும். பாய்லருக்கான பழைய தொட்டியை அப்படியே வைத்துக்கொள்வது பெரும்பாலும் சரிப்படாது. வாரம் ஒருமுறை தொட்டி நீரை 60 டிகிரிக்கு உயர்த்தும் கிருமி நீக்கச் சுழற்சியையும் அமைத்துத் தரச் சொல்லுங்கள்.

வெளியே வைக்கும் இயந்திரம்

பின்தோட்டத்திலோ பக்கவாட்டிலோ, காற்று தடையின்றி வந்து போகும் இடம் வேண்டும். இரண்டு சுவர்கள் சேரும் மூலை ஒலியைப் பெருக்கும். படுக்கையறை ஜன்னலுக்கு நேர்கீழேயும், அண்டை வீட்டாரின் ஜன்னலை நோக்கியும் வைக்க வேண்டாம். விதிப்படி ஒலி அளவுக் கணக்கு ஒன்று செய்யப்பட வேண்டும்; அந்த வரம்புக்குள் இருந்தால் பெரும்பாலான வீடுகளுக்குத் தனித் திட்ட அனுமதி தேவையில்லை. எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்றிருந்த விதியும் இங்கிலாந்தில் 2025 மே மாதத்தில் நீக்கப்பட்டுவிட்டது; வரிசை வீடுகளுக்கு இது பெரும் உதவி. பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட வீடுகளுக்கு உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும்.

இப்போதைய இயந்திரங்கள் பலவற்றில் உள்ள ஆர்290 என்னும் குளிர்பொருள் புரொப்பேன்தான். அது காற்றைவிடக் கனமானது, தீப்பற்றக்கூடியது. கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும் என்பதால் கதவு, தாழ்ந்த ஜன்னல், கழிவுநீர்த் திறப்பு ஆகியவற்றிலிருந்து உற்பத்தியாளர் சொல்லும் இடைவெளியை விட்டே வைக்க வேண்டும். குளிர் நாட்களில் இயந்திரத்தின் தகடுகளில் படியும் உறைபனியை அது தானே உருக்கும்போது வெண்ணிற ஆவி எழும். புகை என்று பயந்து யாரும் தீயணைப்புப் படையை அழைக்க வேண்டாம். அப்போது வடியும் நீர் நடைபாதையில் ஓடி இரவில் பனிக்கட்டியாகாதபடி, சரளைக் கல் நிரப்பிய குழிக்குள் விட வேண்டும்.

மின் இணைப்பைப் பற்றி மூன்றே செய்திகள். பொருத்துபவர் உள்ளூர் மின் விநியோக நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். மீட்டருக்கு அருகில் உள்ள முதன்மை ஃபியூஸ் 60 ஆம்பியராக இருந்தால் உயர்த்தச் சொல்லலாம். பழைய வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுடன் ஒரே கம்பியில் இணைப்பு பகிரப்பட்டிருக்கலாம். அதைப் பிரிக்கச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால் இதை முதலிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் குத்தகை உரிமையில் இருப்பவர்களுக்கு வெளிச்சுவரைத் தொடவே நில உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். அது கிடைக்காத சிறிய குடியிருப்புகளில், இரவு மின்சாரத்தில் சூடேறும் சேமிப்பு ஹீட்டர்கள் ஓரளவு ஈடுகட்டும். சாதாரண மின் ஹீட்டரை முழு நேரம் ஓட்டுவது, ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பமே தருவதால், எரிவாயுவைவிடப் பன்மடங்கு செலவு.

மானியமும் ஒப்பந்தமும்

காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் அமைப்புக்கு, மானியத்துக்கு முன் ஏறத்தாழ 12,000 முதல் 13,000 பவுண்டு ஆவது வழக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022இல் தொடங்கிய பாய்லர் அப்கிரேட் ஸ்கீம், 2023 அக்டோபர் முதல் 7,500 பவுண்டு தருகிறது. கூரைக்கும் சுவருக்கும் முதலில் காப்பு போட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2024 மே மாதத்தில் நீக்கப்பட்டது. திட்டத்தை நடத்தும் ஆஃப்ஜெம் என்னும் எரிவாயு, மின்சார ஒழுங்குமுறை அமைப்பிடம் விண்ணப்பிப்பவர் நீங்கள் அல்லர், எம்.சி.எஸ். என்னும் தரச்சான்று பெற்ற பொருத்துநர். ஆஃப்ஜெம் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் கேட்கும், அதற்குப் பதில் அளித்தால் போதும். மானியத் தொகை விலைப்புள்ளியிலேயே கழிக்கப்பட்டிருக்க வேண்டும். எரிவாயு பாய்லரையும் ஹீட் பம்பையும் சேர்த்து வைக்கும் கலப்பு அமைப்புக்கு மானியம் இல்லை. பிரிட்டன் முழுவதும் ஹீட் பம்புக்கு மதிப்புக் கூட்டு வரி 2027 மார்ச் 31 வரை பூச்சியம். தொகையும் விதியும் மாறக்கூடியவை. கையெழுத்திடும் வாரத்தில் அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேரிடமாவது விலைப்புள்ளி வாங்கி, தொகைக்கு முன் வேறு சிலவற்றை ஒப்பிடுங்கள். மிகக் குளிர்ந்த நாளில் நீரின் வெப்பம் எத்தனை டிகிரி என்று வடிவமைத்திருக்கிறார்? 45 என்று எழுதியவர் 600 பவுண்டு கூடுதலாகக் கேட்டாலும், 55 என்று எழுதியவரைவிட அவரே மலிவு. ஆண்டு மின்கட்டணத்தில் அந்த வேறுபாடு சில குளிர்காலங்களிலேயே திரும்பி வந்துவிடும். எந்த ரேடியேட்டர்களை மாற்றுகிறார், ஏன்? குழாய்க்கு நடுவே கூடுதலாக ஒரு சேமிப்புத் தொட்டி வைக்கச் சொல்கிறார் என்றால் அதன் அவசியம் என்ன? பல நேரங்களில் அத்தகைய தொட்டியில் சூடான நீரும் குளிர்ந்த நீரும் கலந்து விளைவைக் குறைக்கும். இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்லாதவர் வேலையையும் பொறுமையாகச் செய்ய மாட்டார்.

ஓட்டும் முறை

பாய்லரில் பழகிய கைக்கு இது கடினம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம் என்று ஓட்டுவது இங்கே பயன் தராது. ஆறிப்போன வீட்டை விரைவாகச் சூடாக்க இயந்திரம் நீரின் வெப்பத்தை உயர்த்த வேண்டிவரும், சேமித்ததற்கு மேல் செலவாகும். மந்தமான சூட்டில் தொடர்ந்து ஓட விட்டு, இரவில் வேண்டுமானால் இரண்டு டிகிரி மட்டும் குறைக்கலாம். ரேடியேட்டரைத் தொட்டால் கை சுடாது. கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அறையின் வெப்பமானியைப் பாருங்கள்.

வெளிக்குளிருக்கு ஏற்ப நீரின் வெப்பத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பு எல்லா ஹீட் பம்புகளிலும் உண்டு. பொருத்துபவர் அதைப் பாதுகாப்புக்காகச் சற்று உயர்த்தியே வைத்துவிட்டுப் போவார். முதல் குளிர்காலத்தில் வாரம் ஒரு டிகிரி அல்லது இரண்டு டிகிரி இறக்கிப் பாருங்கள். வீட்டார் குளிர்கிறது என்று சொல்லும்போது ஒரு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள். அறைக்கு அறை வால்வுகளை மூடி வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பாதி வால்வுகள் மூடியிருந்தால் நீர் ஓட்டம் குறைந்து இயந்திரம் அடிக்கடி நின்று ஓடும்.

எரிவாயு இணைப்பைத் துண்டித்தல்

ஆண்டுக்கு 110 பவுண்டு நிலைக்கட்டணம் நிற்க வேண்டுமானால் அடுப்பும் மாற வேண்டும். சில நூறு யூனிட் எரிவாயுவுக்காக, அதாவது முப்பது நாற்பது பவுண்டு மதிப்புள்ள சமையலுக்காக, அந்தக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருப்பது வீண். இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தனி மின்சுற்று வேண்டும் என்பதால், ஹீட் பம்புக்கு மின் பணியாளர் வரும் நாளிலேயே அதையும் இழுத்துவிடச் சொல்லுங்கள். பாத்திரங்களின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள்: ஒட்டினால் சூடாகும். அடி தட்டையான இரும்புத் தோசைக்கல் தப்பிக்கும். அலுமினிய இட்லிப் பானை, பித்தளைப் பாத்திரம், மண்சட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய அலுமினியக் குக்கர் ஆகியவை தப்பிக்காது. அப்பளத்தை நேரடியாக நெருப்பில் சுடுவதற்கும் வழியில்லை. அதைப் பற்றிய வருத்தம் எனக்கும் உண்டு.

ஹீட் பம்பு ஒரு வாரம் குறையின்றி ஓடி, புதிய அடுப்பும் வேலை செய்த பிறகு, கேஸ் சேஃப் என்னும் எரிவாயுப் பணியாளர் பதிவேட்டில் உள்ள ஒருவரைக் கொண்டு வீட்டுக்குள் உள்ள குழாயை அடைக்கச் செய்யுங்கள். மீட்டரை எடுக்க, உங்களுக்குக் கட்டணச் சீட்டு அனுப்பும் எரிவாயு நிறுவனத்திடம் கேட்க வேண்டும். தெருவிலிருந்து வரும் குழாயைத் துண்டிப்பது வேறு நிறுவனத்தின் வேலை, அதற்குத் தனிக் கட்டணம் வரலாம் என்பதால் இரண்டையும் தனித்தனியாக விசாரியுங்கள். பொருத்துநரிடமிருந்து எம்.சி.எஸ். சான்றிதழ், அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கு, வடிவமைத்த நீர் வெப்பம், உத்தரவாதத் தாள்கள் ஆகியவற்றை வாங்கி ஒரே உறையில் வையுங்கள். வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் கேட்பார். மீட்டரைக் கழற்ற வருபவர் கை வைப்பதற்கு முன் கடைசி எண்ணையும் மீட்டரின் வரிசை எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதச் சீட்டில் எரிவாயு நிலைக்கட்டணம் இன்னும் வந்தால், அந்தப் படத்தை அனுப்பித்தான் அதை நிறுத்த வேண்டியிருக்கும்.